அழகர் ஆற்றில் இறங்குவதைத் தொலைக்காட்சியில் பார்க்கும் ஆர்வம் ஏன் குறைந்தது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் உள்ள உங்கள் வீட்டில், நீங்கள் சிறுவனாக இருந்தபோது, சித்ரா பௌர்ணமியன்று விடியுமுன் அம்மா எல்லோரையும் எழுப்பிக் குளிக்கவைத்து, மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர்கோயில் பெருமாளான அழகர் வைகை ஆற்றில் இறங்குவதைத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து பார்ப்பது வழக்கமாக இருந்திருக்கிறது. இப்போது அதே அம்மா, நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுப்படிக்குப் போய்விடுகிறார். பிறகு கைப்பேசிக்கு வரும் ஒரு நிமிடக் காட்சியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். பக்தி குறைந்துவிட்டதா, ஒளிபரப்பு கெட்டுவிட்டதா, திருவிழாவுக்கே மவுசு போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இவை மூன்று தனித்தனிக் கேள்விகள். மதுரையில் நேரலை ஒளிபரப்புக் குழுக்களில் ஒளிப்பதிவாளராகத் தொடங்கி, பின்னர் ஒளிபரப்பு வண்டிக்குள் அமர்ந்து எந்தக் கேமராவின் படம் வெளியே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வீடுகளுக்குள் என்ன நடந்தது என்பதை உங்களைப் போன்றவர்கள் சொல்லித்தான் நான் அறிய முடியும். கேமராவுக்குப் பின்னால் நடந்ததை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

திருவிழாவின் ஈர்ப்பு குறையவில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கொரோனாக் காலத்தில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அழகர் மதுரைக்கு வரவில்லை. 2022 ஏப்ரல் 16ஆம் நாள் அவர் மீண்டும் வைகையில் இறங்கியபோது ஆற்றுக்குள்ளும் கரைகளிலும் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் இரண்டு உயிர்கள் போயின. மக்கள் வராமல் போன திருவிழாவில் இப்படி நடக்காது. அன்றைய துயரத்துக்குப் பிறகும் ஒவ்வோர் ஆண்டும் கூட்டத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதே நிர்வாகத்தின் பெருங்கவலையாக இருக்கிறதேயன்றி, கூட்டம் வருமா என்பது ஒருநாளும் கேள்வியாக இருந்ததில்லை. ஆகவே குறைந்திருப்பது திரையில் பார்க்கும் ஆர்வம் மட்டுமே. அது ஏன் என்பதுதான் ஆராய வேண்டியது.

நீங்கள் நினைவில் வைத்திருக்கும் அந்த விடியற்காலைக்குச் சில புறக்காரணங்கள் இருந்தன. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது; ஆனால் கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் தென்மாவட்டங்களில் வீட்டு மாடிகளில் ஆன்டெனாக்கள் மலையை நோக்கித் திரும்பின. அதற்கு முன் ஆற்றுக்கு வர இயலாதவர்களுக்கு வானொலி வர்ணனை ஒன்றே வழி. ஆற்றுக்கு வந்தவர்களிலும் பெரும்பாலோர் பார்த்தது தலைகளுக்கு மேல் தெரிந்த குடையையும் குதிரையின் கழுத்தையும்தான். தங்கக் குதிரையின் மேல் அமர்ந்த அழகரின் திருமுகத்தை அவ்வளவு அருகில் பார்ப்பது என்பது, தலைமுறை தலைமுறையாக ஆற்று மணலில் நின்ற குடும்பங்களுக்கும் தொலைக்காட்சி முதன்முதலாகக் கொடுத்த பேறு. ஒரே அலைவரிசை, தெருவுக்கு ஒன்றிரண்டு பெட்டிகள், மறுபடி போட்டுப் பார்க்க வழியில்லாத காட்சி. இவையெல்லாம் சேர்ந்து அந்த ஒரு மணி நேரத்துக்குத் தனி மதிப்பைத் தந்தன. 1993இல் தமிழில் தனியார் தொலைக்காட்சி வந்தது, பின்னர் இருபத்துநான்கு மணி நேரச் செய்தி அலைவரிசைகள் வந்தன, இன்று அவை எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே காட்சி ஒரே நேரத்தில் ஓடுகிறது. அருமை குறைந்ததால் ஆர்வம் குறைந்தது என்பது உண்மைதான். ஆனால் அது பாதிப் பதில்தான், ஏனென்றால் அதே பெருக்கத்துக்கு நடுவிலும் மீனாட்சி திருக்கல்யாண நேரலையின் ஈர்ப்பு குறையவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பார்வையில் அடிப்படைக் காரணம், தொலைக்காட்சி இந்தத் திருவிழாவிலிருந்து ஒரே ஒரு கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டது என்பதே. குடியரசு நாள் அணிவகுப்பை எண்ணிப் பாருங்கள். டில்லியில் மரியாதை ஏற்கும் மேடைக்கு முன்னால் ஒவ்வொரு படைப்பிரிவும் ஊர்தியும் வரிசையாகக் கடந்து போகின்றன. மேடைக்கு எதிரே நிற்கும் கேமரா எதையும் தவறவிடுவதில்லை, ஏனென்றால் அந்த நிகழ்ச்சியே ஓரிடத்திலிருந்து பார்ப்பதற்காக அமைக்கப்பட்டது. அழகர் புறப்பாட்டுக்கு அப்படி ஓர் இடமே கிடையாது. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமியிடம் விடைபெற்று, கள்ளர் கோலத்தில் கொண்டையும் வளைதடியுமாகப் புறப்படுகிறவர், பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, சுந்தரராஜன்பட்டி என்று ஊர் ஊராக நின்று, சுமார் இருபது கிலோமீட்டர் கடந்து மூன்றுமாவடியில், மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையை ஏற்கிறார். வழியெங்கும் அழகர் நின்று வழிபாடு ஏற்கும் மண்டகப்படிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு மண்டகப்படிக்கும் ஒரு குடும்பமோ ஒரு சமூகமோ ஒரு தொழிலாளர் சங்கமோ உரிமை உடையது; அந்தச் சில நிமிடங்களுக்காக அவர்கள் ஆண்டு முழுவதும் காத்திருக்கிறார்கள். அங்கே வந்து நிற்கும்போது அழகர் அவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி. இந்த வழி முழுவதும்தான் திருவிழா. தொலைக்காட்சி இதில் ஆழ்வார்புரம் கரையில் குதிரை நீருக்குள் இறங்கும் சில நிமிடங்களைத் தேர்ந்தெடுத்து, அதுவே திருவிழா என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. ஒரு கணம்தான் எல்லாம் என்றால், அந்தக் கணம் கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. உங்கள் அம்மா செய்வது தவறே அல்ல. ஒளிபரப்பு அவருக்குக் கற்றுக்கொடுத்ததை அவர் சரியாகவே செய்கிறார்.

வர்ணனையிலும் இதே கதைதான். தங்கையின் திருமணத்துக்குச் சீர் கொண்டு வந்த அழகர், கல்யாணம் முடிந்துவிட்டதை ஆற்றிலேயே கேள்விப்பட்டு, கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார் என்பது மக்கள் வழக்கிலுள்ள அழகான கதை. ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம், கேட்பவர் மனத்தில் உடனே பதியும், அதனால் வர்ணனையாளர்கள் ஆண்டுதோறும் அதையே சொன்னார்கள். கோயில் மரபு சொல்லும் காரணம் வேறு. துர்வாசரின் சாபத்தால் தவளையாகிப்போன சுதபஸ் முனிவருக்கு, அதாவது மண்டூக முனிவருக்கு, விமோசனம் கொடுப்பதற்காகவே பெருமாள் வருகிறார். அது நடப்பது ஆற்றில் இறங்கிய மறுநாள், வண்டியூர் அருகே தேனூர் மண்டபத்தில், கருட வாகனத்தில். அன்று இரவு ராமராயர் மண்டபத்தில் முத்தங்கி சேவையில் தொடங்கி மச்சம், கூர்மம், வாமனன், ராமன், கிருஷ்ணன் என்று தசாவதார அலங்காரம் மாறி மாறி, விடியும்போது மோகினியாகக் காட்சி தருகிறார். கிராமங்களிலிருந்து வந்த சனங்கள் சோற்று மூட்டையோடும் கைக்குழந்தைகளோடும் அங்கேயே இரவைக் கழிப்பார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் நாங்கள் முதல் நாள் காலை பத்து மணிக்கே கம்பிகளைச் சுருட்டி வண்டியில் ஏற்றிவிடுவோம். எந்த நோக்கத்துக்காக அவர் இத்தனை தூரம் வந்தார் என்று மரபு சொல்கிறதோ, அது நடக்கும்போது பெரிய கேமரா ஒன்றுகூட இருந்ததில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஆற்றில் இறங்கும் அந்தக் கணத்தையேனும் திரை முழுமையாகத் தருகிறதா என்றால், அதுவும் எளிதல்ல. ஆற்றுக்குள் சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டி அதன்மேல் கேமராவை வைத்திருப்போம். அழகர் வரும் நேரம் மின்விளக்கின் வெளிச்சமும் விடியலின் வெளிச்சமும் கலக்கும் நேரம். விளக்குக்கு ஏற்றபடி நிறத்தைச் சரிசெய்து வைத்தால், பொழுது புலரப் புலரப் படம் முழுவதும் நீலம் பாரிக்கும்; பச்சைப் பட்டு ஒரு கேமராவில் பச்சையாகவும் பக்கத்துக் கேமராவில் நீலமாகவும் தெரியும். சிவப்புப் பட்டு என்றால் மடிப்பும் ஜரிகையும் கரைந்து ஒரே திட்டாகிவிடும். தங்கக் குதிரை விளக்கொளியைத் திருப்பி அடிக்கும்போது, அதற்காக வெளிச்சத்தைக் குறைத்தால் அழகரின் முகம் இருண்டுவிடும். போதாக்குறைக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் தோல்பைகளிலிருந்து வரும் நீர் லென்சில் தெறிக்கும். துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் அழகரைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகள் பத்தடி நகர்ந்திருப்பார்கள். இவையெல்லாம் அன்றும் இருந்த இடர்கள்தாம். புதிதாக வந்தது உயர்த்திய கைகள். முன்பு குதிரை இறங்கியதும் கூப்பிய கைகள் தலைக்குமேல் எழும், அது படத்துக்கே அழகு. இப்போது எழும் ஒவ்வொரு கையிலும் ஒளிரும் கைப்பேசி இருக்கிறது. எட்ட இருக்கும் கேமராவுக்கு அழகர் தெரிவதற்கு முன் அந்தத் திரைகள்தாம் தெரிகின்றன.

பட்டின் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடியற்காலை எழுந்து பார்த்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் மாலையை ஏற்றுக்கொண்டு அழகர் புறப்படும்போது, பெட்டிக்குள் கைவிட்டுக் கைக்கு வந்த பட்டை எடுத்துச் சாத்துவது வழக்கம் என்பார்கள். பச்சை வந்தால் அந்த ஆண்டு நாடு செழிக்கும் என்பது வேளாண் குடும்பங்களின் நம்பிக்கை. தொலைக்காட்சி பார்க்கும் உழவர் வீட்டில் அந்த நிறத்தைக் காண்பது ஓராண்டுப் பலனைக் கேட்பதற்குச் சமம். இப்போது தல்லாகுளத்தில் அலங்காரம் முடியும்போதே யாரோ எடுத்த படம் ஊர் முழுவதும் போய்விடுகிறது. ஐந்தரை மணிக்கு நேரலையைத் திறப்பவர் நிறத்தைத் தெரிந்துகொண்டுதான் திறக்கிறார். எதிர்பார்ப்பு போன பிறகு காத்திருப்பதற்கு என்ன இருக்கிறது?

தொழில்நுட்பத்தால் வந்த ஒரு குறையையும் இங்கே சேர்க்கிறேன். செயற்கைக்கோள் வழியாக வந்த பழைய ஒளிபரப்பு நடப்புக்கு ஒரு நொடி, இரண்டு நொடி மட்டுமே பின்தங்கியிருந்தது. இணைய நேரலை பல நொடிகள், சில நேரம் அரை நிமிடமும் பின்தங்குகிறது. கோரிப்பாளையத்திலோ செல்லூரிலோ வீடு இருப்பவர்களுக்கு ஆற்றுப் பக்கமிருந்து வேட்டுச் சத்தமும் கோவிந்தா முழக்கமும் கேட்டு முடிந்த பிறகுதான் கைப்பேசியில் குதிரை நீரில் இறங்குகிறது. பல சிம் அட்டைகளைச் சேர்த்துப் படம் அனுப்பும் சிறு கருவிகளைச் செய்தி அலைவரிசைகள் பயன்படுத்துகின்றன. இலட்சக்கணக்கான கைப்பேசிகள் ஓரிடத்தில் கூடும்போது கைப்பேசிக் கோபுரங்கள் திணறி, முக்கியமான அந்த நேரத்தில்தான் படம் கட்டம் கட்டமாக உறைந்துபோகிறது.

இப்போது திருக்கல்யாணத்துக்கு வருகிறேன். அதுவும் அதே ஊர், அதே விழாக்காலம், அதே அலைவரிசைகள். கோயிலுக்குள் 200, 500 ரூபாய்க் கட்டணச் சீட்டு பெற்றவர்களும், இலவசமாகத் தெற்குக் கோபுரம் வழியாக வருபவர்களும் போக, மற்றவர்களுக்குச் சித்திரை வீதிகளில் பெரிய திரைகள் வைக்கிறார்கள். வீடுகளில் பெண்கள் முகூர்த்தத்துக்கு முன்பே குளித்து, மஞ்சள் கயிற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்கிறார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வந்திருக்க, மீனாட்சிக்குத் திருமாங்கல்யம் பூட்டப்படும் அதே கணத்தில் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்கிறார்கள். மதுரையில் மட்டுமல்ல, வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இது நடக்கிறது. பிற்பாடு வரும் துண்டுக் காட்சியை வைத்து இதைச் செய்ய முடியாது. அந்தக் கணத்தில் பார்த்தாக வேண்டும். பார்க்கிறவருக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது என்பதே அந்த நேரலையின் உயிர். வழியில் நிற்கும் அழகரின் அடியாருக்கும் அப்படித்தான் வேலைகள் உண்டு. சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றிக் காட்டுவார், திரி எடுத்து ஆடுவார், கருப்பணசாமி வேடமிட்டுத் தோல்பையில் தண்ணீர் சுமந்துவந்து பீய்ச்சுவார், முடி இறக்குவார். 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, விசைப் பம்புகளை விலக்கி மரபான தோல்பைகளால் மட்டுமே நீர் பீய்ச்ச வேண்டும் என்று சொன்னபோது, அந்த வழிபாடு எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்பது மற்றவர்களுக்கும் தெரிந்தது. ஆனால் திரைக்கு முன் இருப்பவருக்கு இந்த வேலைகளில் ஒன்றும் இல்லை.

நான் சொல்வதற்கு 2021ஆம் ஆண்டு நல்ல சான்று. அந்த ஆண்டு கூட்டமில்லாமல் அழகர்கோயில் வளாகத்துக்குள்ளேயே வைகை போல நீர் நிரப்பி, ஆற்றில் இறங்கும் வைபவத்தை நடத்தினார்கள். தள்ளுமுள்ளு இல்லை, மறைக்கும் கைகள் இல்லை, ஆடாத படம், தெளிவான முகம். எங்கள் தொழிலின் கண்ணால் பார்த்தால் அதைவிடச் சுத்தமான படம் கிடைப்பது அரிது. ஆனாலும் அதைப் பார்த்த என் உறவினர்கள் பலர் கண்கலங்கியது அழகரைப் பார்த்து அல்ல, அவரைச் சுற்றியிருந்த வெற்றிடத்தைப் பார்த்து. படத்தின் தரம் உயர்ந்தால் ஈர்ப்பு திரும்பிவிடும் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படாததற்கு இதுவே காரணம்.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பார்வையாளர் எண்ணிக்கை இத்தனை சதவீதம் வீழ்ந்தது என்று யாராவது எழுதினால் எச்சரிக்கையோடு படியுங்கள். சில வீடுகளில் கருவி வைத்து எடுக்கும் கணக்கு, ஒரே விடியற்காலையில் பல அலைவரிசைகளிலும் கைப்பேசிகளிலும் சிதறிக்கிடக்கும் பார்வையைச் சரியாக அளக்காது. இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்ற பேச்சையும் நான் முழுவதும் ஏற்கமாட்டேன். நேரலை பார்க்காத அதே இளைஞர்கள்தாம் எதிர்சேவை இரவில் அழகரோடு நடந்து வந்து, தாங்களே எடுத்த காட்சிகளைப் பரப்புகிறார்கள். பக்தி குறைந்ததா என்பதை அளக்க என் தொழிலில் கருவி எதுவும் இல்லை. பழைய முறை மாறிவிட்டதே என்ற உங்கள் வருத்தத்துக்கு மட்டும் ஒன்று சொல்லலாம். முற்காலத்தில் அழகர் இறங்கியது சோழவந்தான் பக்கமுள்ள தேனூரில் என்றும், திருமலை நாயக்கர்தாம் (1623–1659) அந்த விழாவை மதுரைக்குக் கொண்டுவந்து மீனாட்சி கல்யாணத்தோடு இணைத்தார் என்றும் இந்த வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். எல்லோரும் கூடிப் பார்ப்பதற்காக மாற்றி அமைக்கப்பட்ட விழா இது. பார்க்கும் முறை இன்னொரு முறை மாறுவதால் அது குலைந்துவிடாது.

ஒளிபரப்புத் துறையில் இன்று இருப்பவர்களிடம் நான் கேட்பது, கேமராக்களை ஆழ்வார்புரத்தில் குவிக்காமல் வழி நெடுகப் பிரித்து வையுங்கள், வர்ணனையைக் குறைத்து மேளமும் கோவிந்தா முழக்கமும் கேட்க விடுங்கள், தேனூர் மண்டபத்தையும் தசாவதார இரவையும் பூப்பல்லக்கையும் முழுமையாகக் காட்டுங்கள் என்பதுதான். இரவு முழுவதும் கண்விழித்துப் பார்க்கும் கூட்டம் ஊர் ஊராக இருக்கிறது.

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை, அவரை நேரலை முன் மறுபடியும் உட்காரவைக்க முயல வேண்டாம். நடக்க முடிகிறவர் என்றால் அடுத்த சித்திரையில் அழைத்து வாருங்கள். ஆனால் ஆற்றில் இறங்கும் காலையில் ஆழ்வார்புரத்துக்கோ வைகைமேல் உள்ள ஏ.வி. பாலத்துக்கோ கூட்டிப்போகாதீர்கள், வயதானவர்களுக்கு அது இடமல்ல. முதல் நாள் எதிர்சேவையன்று அப்பன்திருப்பதிக்கும் மூன்றுமாவடிக்கும் இடையில் ஏதாவது ஒரு மண்டகப்படியில், நிழலும் தண்ணீரும் இருக்கும் இடமாகப் பார்த்து முன்னதாகவே அமருங்கள். அல்லது அழகர் மலைக்குத் திரும்பும் நாளில் அதே சாலைக்கு வாருங்கள். அன்று கூட்டம் ஓரளவு குறைவு, பல்லக்கு உங்களுக்குப் பத்தடி தூரத்தில் நிற்கும். ஒரு செம்பும் சர்க்கரையும் சூடமும் கையோடு கொண்டுவாருங்கள். வர இயலாது என்றால், கோயில் சார்பில் வரும் இணைய நேரலைகளில் எதிர்சேவையோ தசாவதாரமோ காட்டப்படுகிறதா என்று முன்கூட்டிப் பார்த்து வைத்து, அதை அவருக்குப் போட்டுக் கொடுங்கள்.